பத்தும் பதிமூன்றும்

அன்று காலை படகுப் பட்டறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம்: அண்ணன், அண்ணி, பெயிண்டர், நான். டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

படகு அண்ணனுடையது. பாய்மரப் படகு, உள்ளே சின்ன டீசல் என்ஜின். பாய்கள் தைக்கப் போயிருந்ததால் அன்றைக்கு என்ஜினை நம்பித்தான் ஓட்டம். புரொப்பெல்லர் மாற்ற வேண்டியிருந்தது. பிட்ச் என்பது, ஐயா, ஒரு சுற்றுக்கு அது எத்தனை அங்குலம் முன்னேற வேண்டும் என்ற கணக்கு. அந்த என்ஜினுக்குப் பத்து. பதிமூன்று போட்டால் அமைதியான தண்ணீரில் ஒன்றும் தெரியாது. எதிர்காற்றில் முழு வேகம் கொடுத்தால் திணறும், கரும்புகை கக்கும், சூடேறி நின்றுவிடும்.

வேகம் வேண்டும், பதிமூன்றுதான் என்று அண்ணன் மூன்று நாள் பிடிவாதம் பிடித்தார். கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்தத் தாளின் மேல் டீ கிளாஸை வைத்தார்.

அன்று காலை இறங்கி வந்தார்.

"சரிடா, பத்தே போடு. காலேஜைப் பாதில விட்டவன், ஒரு கணக்கையாவது முடிச்சான்னு இருக்கட்டும்."

"பாஸ் மார்க் போட்டுட்டீங்களேண்ணே," என்று பெயிண்டர் சிரித்தான்.

"காலங்காத்தால ஏங்க அவரை வம்புக்கு இழுக்கறீங்க?" என்றார் அண்ணி.

கணக்கு தப்பு என்று சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். சரியான கணக்கைப் பிச்சை போடுவதுபோல ஒத்துக்கொண்டார். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். கொடுக்கிற கையாலேயே குட்டுவார்.

அலமாரியில் இரண்டு புரொப்பெல்லரும் இருந்தன. பதிமூன்றை எடுத்து மாட்டினேன். எண் பொறித்த இடத்தில் கிரீஸைத் தடவினேன். பெயிண்டர் சாப்பிடப் போனான். படகைத் தண்ணீரில் இறக்கினோம், அண்ணன் தனியாக ஓட்டிக்கொண்டு போனார். மதியத்துக்கு மேல் காற்று பாறைப் பக்கம் தள்ளும். அதை எதிர்த்துத்தான் துறைக்குத் திரும்ப வேண்டும். சாயங்காலம் பாறையடியில் உடைந்த பலகைகளுக்கு நடுவே அண்ணனை எடுத்தார்கள். லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை.

கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை, ஐயா. மூன்று நாள் அவர் கேட்டதைத்தான் மாட்டினேன். ஆத்திரத்தில் நடந்த தப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அண்ணி ஏன் படகில் போகவில்லை என்று கேட்டீர்கள். சாப்பாட்டுக் கூடையோடு கிளம்பித்தான் நின்றார். அவருக்குத் தலைவலி என்று அண்ணனிடம் நான் சொன்னது அப்புறம். அதற்கு முன்னால், "அண்ணி, லைஃப் ஜாக்கெட்டெல்லாம் ஸ்டோர் ரூம்ல மேல் தட்டுல இருக்கு, கொஞ்சம் எடுத்துட்டு வாங்களேன்" என்றேன். கூடையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

கதவைச் சாத்தி, வெளியே பூட்டினேன்.