இடம் மாறி விழுந்த வளையல் கடை

"கோபுரம் அச்சு அசலா இருக்கு. ஆனா வலது பக்கம் இருக்கிற நம்ம வளையல் கடை எப்படி இடது பக்கம் போச்சு?"

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில், முன்சீட்டுக்காரர் மடியிலிருந்த படத்தைப் பார்த்துக் குழம்பினார். சென்னையில் ஓவியம் படிக்கும் மகன் அனுப்பியதாம்.

"செப்புத் தகட்டுல கீறி அச்சடிச்சா இடம் வலமா விழுமாம், லெட்டர்ல எழுதியிருக்கான்," என்றார் மனைவி. "கடைக்குள்ள பாருங்க, நீங்க உக்காந்திருக்கிய."

அவர் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"ஏட்டி, படம் வரையப் போகாதன்னு சண்டை போட்டவன் நான். ரெண்டு வருசமா பேச்சில்ல. என்னைய எதுக்கு வரைஞ்சான்?"

"அவன்ட்டயே கேளுங்க."

"கேட்டா பேசுவானா?"

ஊர் வரும்வரை அவர் படத்தை உறைக்குள் போடவே இல்லை.