அம்மா வாடகைக்காரி இல்லை

“எங்கம்மாவ எவனோ இங்கிலீஷ்ல வாடகைக்காரி ஆக்கிட்டான் சுமதி!”

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். பேசியவர் புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுக் காலத்துப் பத்திரங்களை இங்கிலீஷில் மொழிபெயர்ப்பவர் என்பது பேச்சில் தெரிந்தது. நண்டுக் கூடையோடு இருந்த சுமதி அவருடைய நாத்தனார்.

“பத்திரத்துல இன்னா கீது அண்ணி?”

“தாத்தா எழுதினது. வீடு மாமாவுக்கு. ஆனா அம்மா உயிரோட இருக்கறவரைக்கும் அங்கயே இருந்து அனுபவிக்கலாம். விக்க மட்டும் முடியாது. பிரெஞ்சுல இதுக்கெல்லாம் சேர்த்து ஒரே வார்த்தை. அதத்தான் வாடகைன்னு மாத்திட்டான். நான் புதுசா எழுதித் தரணும், படிக்கறவங்களுக்குப் புரியறாப்ல விளக்கத்தோட.”

“இதுக்கா இவ்ளோ ரோசன? நம்ம ஏரிப் பாடுதான் இது, மொற வச்சி வல போடறது. இன்னிக்கு இந்த எடத்துல வல போட சீட்டு நம்ம வூட்டுக்கு வியுந்தா, மீனு நம்மளுது. நாளைக்கு வேற வூட்டுக்கு. அதுக்குன்னு ஏரிய விக்க முடியுமா? வாடக குடுக்கறமா?”

அண்ணி பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். பிறகு நிறுத்தினார்.

“மாமாதான் வீட்டையே வித்துட்டாரே. வாங்கினவன் காலி பண்ணச் சொல்றானே?”

“விக்கட்டும், யாரு வேணான்னா? பாடு முடியற வரிக்கும் நம்ம வலைய எவனும் தூக்க முடியாது. அம்மாவ கதவத் தொறந்து வச்சிக்கினு நடு வூட்ல குந்தச் சொல்லுங்க.”