விளக்கெண்ணெய் குடித்த டிராக்டர்

மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறையும். சித்திரையில் தண்ணீராய் ஓடும். சூட்டுக்குத் தக்கபடி எண்ணெயின் பிசுக்கு மாறும் என்பதற்கு பி.எஸ்ஸி. தேவையில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. நான் படித்துவிட்டேன். எங்கள் தெருவில் முதல் பட்டம்.

டிரைவர் செல்லதுரையை விட்டுவிடுங்கள். மிராசுதார் பஞ்சநதத்தின் டிராக்டரைக் கொன்றது அம்சம் என்கிற நான்.

கூலி உயர்வு கேட்டுக் கொடி பிடித்தோம். அவர் டிராக்டர் வாங்கினார். குறுவை உழவுக்கு என் அப்பா இளையபெருமாளும் இன்னும் பதினோரு பேரும் வேண்டாம் என்றார். அது ஓடினால் எங்கள் தெருவில் உலை கொதிக்காது. ஆனாலும் எஞ்சின் எண்ணெய் டின்னில் இருந்த இங்கிலீஷை வாசிக்க என்னைத்தான் கூப்பிட்டார். கொல்லை வாசல் வழியாக.

"ஒரே வாரத்துல கறுத்துப்போச்சு. கலப்படந்தானே, புள்ள?"

"இல்லீங்க. அழுக்கெடுக்குற மருந்து கலந்திருக்கு. எஞ்சின்ல கரி ஒட்டாம தானே சுமக்குது. கறுத்தா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"கறுப்புன்னா ஒசத்தியா? மேடையில கத்துக்கிட்டியாக்கும். விளக்கெண்ணெய் கெட்டியா இருக்கே, அதை ஊத்துனா தேயாதுல்ல?"

"ஊத்தாதீங்க. டின்னுல போட்ட நம்பர்தான் கணக்கு. காலையில கெட்டி எண்ணெய் பேரிங்குக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள இரும்பும் இரும்பும் உரசிடும். சூடேறுனா கோந்தாப் பிடிச்சுக்கும். தேய்மானத்தைத் தடுக்குற மருந்தும் அதுல கெடையாது."

மூன்று முறை சொன்னேன். அத்தனையும் பாடப்புத்தக உண்மை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். போன தையில், "மழை வருது, நெல்லை அள்ளுங்க" என்றேன்; உள்ளே இருந்த நெல்லையும் கொண்டுவந்து களத்தில் பரப்பினார். "மரப்பாலம் தாங்காது" என்றேன். பார வண்டியை அதில்தான் ஓட்டச் சொன்னார். எங்கள் தெருவிலிருந்து வரும் புத்தியைக் கேட்பது அவர் பரம்பரையிலேயே கிடையாது. நான் பொய் சொல்லியிருந்தால் அந்த டிராக்டர் இன்றும் ஓடும். அதனால்தான் உண்மையைச் சொன்னேன்.

செல்லதுரை தடுத்துப் பார்த்தான். "ஒனக்கும் அவதான் வாத்தியாரா?" என்று கேட்டுவிட்டு, மிராசுதாரே பழைய எண்ணெயை வடித்து, தன் கையால் விளக்கெண்ணெயை ஊற்றினார். ஆறாம் நாள் நடுவயலில் எஞ்சின் இறுகி நின்றது. வாய்க்காலில் அவர் முறைக்கு விட்ட தண்ணீர் வீணாய்ப் போய்க்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல், கேட்ட கூலிக்கே பன்னிரண்டு பேரையும் ஏர் பூட்டச் சொன்னார்.

எனக்குக் கோபமெல்லாம் கிடையாது. எஞ்சினை நினைத்தால்தான் வருத்தம். அந்த வீட்டில் படிப்புக்கு மரியாதை கொடுத்தது அது ஒன்றுதான். நான் சொன்ன மாதிரியே செத்தது.

டிராக்டர் போன கவலையில் மிராசுதாருக்கு மார்வலி வந்துவிட்டது. டாக்டர் எழுதிய இங்கிலீஷ் சீட்டை வாசிக்க நேற்று மறுபடியும் கூப்பிட்டார். ஒரு வேளை மாத்திரைகூட விடக்கூடாது, வெயிலில் நடக்கவே கூடாது என்று எழுதியிருந்தது.

இன்று உச்சி வெயிலில் இங்கே வரும்போது வாய்க்காலில் மாத்திரைப் பொட்டலம் மிதந்து போனது. தூரத்து வரப்பில் அவர் விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தார்.

உள்ளதை உள்ளபடிதான் வாசித்தேன், ஐயா. மூன்று முறை.