காற்றில் போன பெயர்

மேடையில் அமர்ந்திருக்கும் ஊர் மன்றத் தலைவர் அவர்களே, அவருக்குப் பக்கத்திலேயே முகம் சுளிக்காமல் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, நம் போர் நினைவுக் கழகத்தின் உறுப்பினர்களே, எல்லை தாண்டி வந்திருக்கும் இத்தாலிய நண்பர்களே, இந்த அக்டோபர் மழையிலும் ராவ்னாவுக்கு ஏறி வந்திருக்கும் பள்ளத்தாக்கு மக்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

கம்யூனிஸ்டுக் கட்சிக்காரரையும் சாமியாரையும் ஒரே மேடையில் உட்கார வைக்க வேண்டும் என்று நம் கழகத் தலைவர் லுத்விக் மான்ஃப்ரேதா அவர்கள் இருபது ஆண்டுகள் நடையாய் நடந்தார். உயிரோடு இருந்தவரை முடியவில்லை. போய்ச் சேர்ந்த ஒன்பதாம் நாள் முடித்துவிட்டார்! ஐயா இருவரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் இவாங்கா கோரென். கழகத்தின் செயலாளர். முப்பத்தோராண்டாக இந்த ஊர்ப் பால்பண்ணையில் பாலாடைக்கட்டி காய்ச்சுகிறவள். அலங்காரமாகப் பேச எனக்கு வராது.

லுத்விக் அவர்களை நீங்கள் என்னவெல்லாம் சொன்னீர்கள்? வரலாற்று அறிஞர் என்று சிலர் சொன்னீர்கள். மலையில் புதைந்துபோன சிப்பாய்களைத் தோண்டித் தேடியதால் எலும்பு பொறுக்கி என்று சிலர் சொன்னீர்கள். அவர் தன்னைத் தபால்காரர் என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டார். முப்பத்தாறு ஆண்டுகள் இந்த மலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினார். நம்மில் யார் வீட்டுக் கதவை அவர் தட்டவில்லை? யார் வீட்டு நாய் அவரைக் கடிக்கவில்லை?

அந்தப் பெரும்போரைப் பற்றி நாம் எல்லோரும் பள்ளியில் படித்திருக்கிறோம். ஐரோப்பாவின் அரசுகள் இரண்டு கூட்டணியாகப் பிரிந்துகொண்டன. ஒரு பக்கம் நம்மை ஆண்ட ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசும் ஜெர்மனியும். மறுபக்கம் ரஷ்யா, பிரான்ஸ், பிரிட்டன். 1914-இல் நம் ஆண்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கலீசியாவில் ரஷ்யர்களுக்கு முன்னால் நிறுத்தினார்கள். மறு ஆண்டு இத்தாலி மறுபக்கம் சேர்ந்தது. நம் சோச்சா ஆறு போர்முனை ஆயிற்று. பன்னிரண்டு சண்டைகள், இருபத்தொன்பது மாதங்கள். நம் ஆண்கள் யாருக்காகவோ எங்கேயோ சாக, யார் யாரோ இங்கே வந்து நம் பீன்ஸ் தோட்டத்தில் செத்தார்கள்.

லுத்விக் அவர்கள் இந்த வரலாற்றை இப்படிச் சொல்ல மாட்டார். அவர் சொல்வது தபால் பிரிப்பதுபோல் இருக்கும். ஹங்கேரியின் டெப்ரெட்சென்னிலிருந்து ஒரு கொல்லன் வந்தான், இத்தாலியின் சார்டினியாவிலிருந்து ஓர் இடையன் வந்தான், க்ரன் என்ற நம் மலையின் பெயர் இருவர் வாயிலும் நுழையவில்லை, அந்த மலைக்காக இருவரும் செத்தார்கள் என்பார். ஒருமுறை தலைநகரத்திலிருந்து வந்த ஓர் அதிகாரி, அந்தப் போரில் நீங்கள் எந்தப் பக்கம் என்று அவரை மடக்கினார். தபால் இலாகா பக்கம் என்றார் இவர். அதிகாரிக்குக் காப்பி தொண்டையில் சிக்கிக்கொண்டது.

லுத்விக் அவர்களின் தந்தை 1914 ஆகஸ்டில் கலீசியாவுக்குப் போனார். இவர் நவம்பரில் பிறந்தார். தந்தை திரும்பவில்லை. எலும்புகூட வரவில்லை. அந்தத் தந்தையைத் தேடி நீங்கள் ஏன் போகவில்லை என்று நான் ஒரு நாள் கேட்டேன். அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

“நான் இங்க இருக்கறவங்களப் பாத்துக்கறேன், இவாங்கா. அங்கயும் என்னை மாதிரி ஒரு பைத்தியக்காரன் இல்லாமலா போவான்? அவன் எங்கப்பாவப் பாத்துக்குவான்.”

அன்பர்களே, அவர் நம்பிய அந்தக் கலீசியப் பைத்தியக்காரன் இருக்கிறானோ இல்லையோ, எனக்குத் தெரியாது. நம் பைத்தியக்காரர் போய்விட்டார். இங்கே செத்தவர்களின் பிள்ளைகள் நம்பக்கூடிய ஆள் இனி நம்மிடம் யார் இருக்கிறார்?

இங்கே பலருக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், வெளியூர்க்காரர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பேரரசின் சிப்பாய்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு சின்னப் பித்தளைச் சிமிழ் இருந்தது. அதற்குள் மடித்த தாள். பெயர், ஊர், படைப்பிரிவு. அரை நூற்றாண்டு மண்ணில் கிடந்த தாள் அது. வெளிக்காற்றில் திறந்தால் பொடியாகிவிடும். ஆகவே மலையில் திறக்கக் கூடாது. ஈரப் பாசியில் பொதிந்து கீழே கொண்டுவர வேண்டும். மறுநாள் காலையில் பால்பண்ணையில் பால் காயும்போது, கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு, செப்புக் கொப்பரையின் ஆவியில் காட்டிப் பொறுமையாகத் திறக்க வேண்டும். இந்த வழியைக் கண்டுபிடித்தவர் லுத்விக் அவர்கள். அதற்கு ஆவி வேண்டும் என்றுதான் அவர் முதன்முதலில் என் ஜன்னலைத் தட்டினார். என்னை அவர் கழகத்தில் சேர்த்ததே என் கொப்பரைக்காகத்தான்.

1971 செப்டம்பர். பிரோஷ்கா என்ற ஹங்கேரிய அம்மையார் நம் ஊருக்கு வந்தார். லுத்விக் அவர்களின் வயதுதான் அவருக்கும். அவரும் அப்பாவின் முகத்தைப் பார்க்காதவர். அப்பா கடைசியாக எழுதிய அஞ்சலட்டை அவர் கையில் இருந்தது. பீச் மரக் காட்டுக்கு மேலே ஓர் ஆட்டுப்பட்டிச் சுவரின் ஓரமாகப் படுத்திருக்கிறோம் என்று அதில் இருந்தது. அந்தச் சுவரை நாங்கள் கண்டுபிடித்தோம். மூன்று நாள் தோண்டினோம். அம்மையார் நம் நாட்டில் தங்குவதற்கான அனுமதிச் சீட்டு முடிகிற நாளன்று, நண்பகலில், ஒரு சிப்பாய் கிடைத்தார். சிமிழும் கிடைத்தது.

மலையில் லுத்விக் அவர்களும் நானும் இரண்டே பேர். அம்மையார் கீழே பேருந்து நிறுத்தத்தில் பையோடு காத்திருந்தார். இப்போதே திறந்து பார்த்துவிடலாம், நான்கு மணிக்குப் பேருந்து என்று நான் நச்சரித்தேன். நாளைக் காலையில் பால் காயட்டும், கடிதம் எழுதிப் போடுகிறேன் என்றார் அவர்.

“அம்பத்தேழு வருஷம் காத்திருந்தவங்களுக்குக் கடுதாசியா, தபால்காரரே?” என்றேன்.

“அம்பத்தேழு வருஷம் இருந்தவங்க இன்னும் நாலு நாள் இருப்பாங்க. நீங்கதான் இருக்க மாட்டேங்கறீங்க” என்று சிரித்துவிட்டுப் பாசி எடுக்க ஓடைக்குப் போனார்.

கழகத்தின் குறிப்பேட்டில் இதற்கு அடுத்து என்ன எழுதியிருக்கிறது? ‘தலைவர் லுத்விக் மான்ஃப்ரேதா விதியை மீறி மலையிலேயே சிமிழைத் திறந்தார், தாள் அழிந்தது.’ எழுதியது யார்? செயலாளர். அதாவது நான்.

அது பொய், அன்பர்களே. திறந்தது நான்.

அவர் ஓடைக்கு இறங்கிய ஐந்தாவது நிமிடம் நான் திறந்தேன். தாள் முழுசாக இருந்தது. எழுத்து இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். வாசிக்கலாம் என்று குனிந்தேன், காற்று வந்தது. என் உள்ளங்கையில் பழுப்புத் தூள்தான் மிச்சம். ஒரு மனிதரின் பெயர், ஐம்பத்தாறு ஆண்டு மண்ணுக்குள் பத்திரமாக இருந்த பெயர், என் கையில் வந்து செத்தது.

அவர் இரண்டு கையிலும் பாசியோடு ஏறி வந்தார். பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருக்கக் கூடாதா! பாசியைக் கீழே வைத்துவிட்டு, “கீழ நான் பேசிக்கறேன். நீங்க வாயே தெறக்காதீங்க” என்றார். நான் திறக்கவில்லை. அன்றைக்குச் சாத்திய வாய்.

பேருந்து நிறுத்தத்தில் அவர் தொப்பியைக் கழற்றினார். தனக்குத் தெரிந்த ஜெர்மனில், நான்தான் அவசரப்பட்டுத் திறந்துவிட்டேன், பெயர் போய்விட்டது, உங்கள் அப்பாவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இனிமேல் தெரிய வழியில்லை என்றார். தந்தை முகம் பார்க்காத ஒருவர், தந்தை முகம் பார்க்காத இன்னொருவரிடம் இதைச் சொன்னார். அம்மையார் அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்து வந்ததும் நான் தூக்கிக் கொடுத்த தன் பையை வாங்கிக்கொண்டார். வாங்கும்போது என் கையைச் சற்று நேரம் பிடித்திருந்தார். நன்றி சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நாம் என்ன செய்தோம்? தீர்மானம் போட்டோம்! இரண்டு ஆண்டுகள் அவர் தலைவர் நாற்காலியில் உட்காரக் கூடாது என்று கை தூக்கினோம். கை தூக்கியவர்களில் நால்வர் மூன்றாவது வரிசையில் இருக்கிறீர்கள். தலையைக் குனிய வேண்டாம். நானும் தூக்கினேன். தூக்காவிட்டால் சந்தேகம் வரும் என்று பயந்து தூக்கினேன். அவர் என்னைப் பார்த்தார், கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்க எனக்குக் கைகொடுத்தார்.

அந்தச் சிப்பாயைப் பெயர் இல்லாமல் நம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். ஒவ்வொரு நவம்பரிலும் அனைத்துப் புனிதர் திருநாளன்று லுத்விக் அவர்கள் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றினார், ஏற்றிவிட்டேன் என்று பிரோஷ்கா அம்மையாருக்கு எழுதினார். பதினேழு கடிதங்கள். போன ஆண்டுக் கடிதம் மட்டும் திரும்பி வந்தது. பெறுநர் காலமாகிவிட்டார் என்று உறையின்மேல் எழுதியிருந்தது. வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் கடிதங்களைச் சேர்த்தவர், திரும்பி வந்த தன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் பால்பண்ணைப் படியில் காலை முழுக்க உட்கார்ந்திருந்தார்.

அந்த நாளுக்குப் பிறகு நான் ஒரு சிமிழையும் தொடவில்லை. அவர் திறப்பார், நான் பாலைக் கிளறுவேன். ஒவ்வொரு முறையும் திறக்கிறீர்களா என்று கேட்பார். கை நடுங்குகிறது என்பேன். “நடுங்கற கைதான் நல்லது, அவசரப்படாது” என்பார். அந்தக் குத்தலைக்கூட நான் எதிர்பார்த்துக் காத்திருக்கப் பழகிவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இந்த வயதில் எனக்கு என்ன வெட்கம்? 1978-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் சமையலறையில் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்த்து வதக்கிய ஃப்ரிகா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் என்னிடம் ஒன்று கேட்டார். மனைவியை இழந்தவர் ஒரு விதவையிடம் கேட்கக்கூடியதுதான். நான் முடியாது என்றேன். என் பழியைச் சுமக்கிற மனிதரின் முகத்தில் நான் தினமும் எப்படி விழிப்பேன்? காரணத்தைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. உருளைக்கிழங்கு நன்றாக வெந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டு முடித்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் வீட்டை ஒழுங்குபண்ணப் போனேன். பழைய தபால் பையில் பிரோஷ்கா அம்மையாரின் கடிதம் ஒன்று இருந்தது. தேதி, 1971 டிசம்பர். ஜெர்மன் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க வாசித்தேன். அதில் இருந்தது இதுதான்:

“உங்கள் விரல்கள் மண்ணாக இருந்தன. அந்தப் பெண்ணின் விரல்களில் பித்தளையின் பச்சைக் களிம்பு இருந்தது. எனக்கு அப்போதே தெரிந்தது. என் பேருந்துக்காகத்தான் அவள் அவசரப்பட்டாள். எனக்காக அவ்வளவு அவசரப்பட்டவர்கள் வேறு யாரும் இல்லை. அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்குத் தெரியும் என்றும் சொல்லாதீர்கள். அவளாகச் சொல்லட்டும்.”

அவளாகச் சொல்லட்டும்! பதினேழு ஆண்டுகள் அவர் காத்திருந்தார், அன்பர்களே. ஒவ்வொரு காலையும் ஜன்னலைத் தட்டிவிட்டு, உள்ளே வந்து, காப்பியை வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். சமையலறையில் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டும் காத்திருந்தார். நான் வானிலையைப் பேசினேன், பாலின் கொழுப்பைப் பேசினேன். ஒரே ஒரு வாக்கியம், நான்தான் திறந்தேன் என்று. அதைச் சொல்லியிருந்தால் என் வீட்டில் இன்றைக்கு அவருடைய தொப்பி மாட்டியிருக்கும். இதோ, இப்போது சொல்லிவிட்டேன், தபால்காரரே. நூறு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். எங்கே போனீர்கள்?

நேற்றுக் காலையும் இரண்டு கோப்பை காப்பி ஊற்றினேன். எனக்கு அவரைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. அவ்வளவுதான்.

செயலாளர் என்ற முறையில் நான் செய்ய வேண்டியவை சில உண்டு. கழகக் குறிப்பேட்டில் அந்த வரியை இன்று காலை அடித்துவிட்டு, என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எனக்கு எத்தனை ஆண்டு தண்டனை என்பதைப் பிறகு முடிவு செய்யுங்கள், நான் கை தூக்கக் காத்திருக்கிறேன். புனிதர் திருநாள் வருகிறது. அந்தப் பெயரில்லாதவருக்கு மெழுகுவர்த்தியை இனி நான் ஏற்றுவேன். பக்கத்தில் பிரோஷ்கா அம்மையாருக்கு ஒன்று. தலைவர் அவர்களுக்கு ஒன்று.

கடைசியாக ஒன்று. சாலை வேலைக்காரர்கள் போன மாதம் ஒரு சிமிழைக் கண்டெடுத்து அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். யாருக்கும் அது தெரியாது. அவருடைய நிலவறையில் ஈரப் பாசிக்குள் இருந்தது. பாசி காயாமல், தான் படுக்கையில் விழும்வரை தினமும் தண்ணீர் தெளித்திருக்கிறார். மேலே தபால் சீட்டு ஒன்றைக் கட்டி, அவருடைய அழகான கையெழுத்தில் விலாசம் எழுதியிருந்தார்: பெறுநர், இவாங்கா கோரென், பால்பண்ணை, ராவ்னா.

அது எனக்கு வந்த தபால். நாளைக் காலை ஆறு மணிக்குப் பால் காயும். நான் திறப்பேன். கை நடுங்கினாலும் திறப்பேன். உள்ளே இருப்பவர் எந்த ஊர்க்காரரோ, அவருக்காக யார் எங்கே காத்திருக்கிறார்களோ, வாசித்து எழுதிப் போடுவேன். தலைவர் அவர்களின் வேலை நிற்காது. வர விரும்புகிறவர்கள் வாருங்கள். வந்ததும் கதவைச் சாத்திவிடுங்கள். காற்று வரக் கூடாது.