உடுப்போட உட்கார்ந்திருந்தவன்

சரி... ஞானஸ்நானத்துக்குப் பிள்ளைங்களோட வந்திருக்கிற ஞானத்தகப்பன், ஞானத்தாய் எல்லாரும் கொஞ்சம் இங்க பாருங்க. பிள்ளைங்க அழுதா அழட்டும், பெத்தவங்க பாத்துக்குவாங்க. உங்களுக்குன்னே ஒரு குட்டிக் கதை வச்சிருக்கேன், சொல்லிடுறேன்.

போன வாரம் ஒருத்தர் என்கிட்ட கேட்டாரு. "சாமி, ஞானத்தகப்பனுக்கு அப்படி என்ன வேலை? மோதிரம் போடணும், மெழுகுதிரி பிடிக்கணும், போட்டோவுல சிரிக்கணும். அவ்வளவுதான?" ...சிரிக்கிறீங்க! சிரிக்கிறதுல பாதிப் பேரு அப்படி நினைச்சுத்தான் வந்திருக்கீங்க!

தூத்துக்குடியில முக்குளிக்கிற ஆளுங்க ஒரு குழு. கப்பலுக்கு அடியில போயி, கப்பலைத் தள்ளுற விசிறியில பழைய வலை சுத்தியிருந்தா அறுத்து எடுக்கிற வேலை. கஸ்பார்னு ஒருத்தன் தண்ணிக்குள்ள இறங்குவான். சேசடிமை அண்ணன் படகுல நின்னு, அவன் இடுப்புல கட்டின கயித்தைப் பிடிச்சிருப்பாரு. அப்புறம் இஞ்ஞாசின்னு ஒருத்தன். அவனுக்கு என்ன வேலை? சொல்லுங்க பாப்போம்... உட்கார்ந்திருக்கிறது!

ஆமாங்க, அதான் வேலை. கீழ போனவனுக்கு ஏதாச்சும்னா அந்த நிமிசமே குதிக்க ஒரு ஆள் வேணும். அதனால கஸ்பார் தண்ணியில இருக்கிற வரைக்கும் இஞ்ஞாசி முழு உடுப்போட இருக்கணும். கழுத்து வரைக்கும் ரப்பர் உடுப்பு, முதுகுல சிலிண்டர், கால்ல துடுப்பு, இடுப்புல கத்தி. கண்ணாடி மட்டும் மடியில. அதுவும் தூத்துக்குடி வெயில்ல! மனுசன் அவிஞ்சு போயிருவான்னு ஒருத்தர் அவனுக்குக் குடை பிடிப்பாரு, இன்னொருத்தர் தலையில தண்ணி ஊத்துவாரு.

பாக்கிறவன் சும்மா இருப்பானா? கப்பல் சமையல்காரர் மேல இருந்து எட்டிப் பாத்து, "என்ன சேசடிமை, மாப்பிள்ளைக்கு நலங்கு வைக்கீயளா?"ம்பாரு. அவ்வளவுதான்... ஊரெல்லாம் அவனுக்கு மாப்பிள்ளைன்னே பேராயிப்போச்சு. வீட்டுக்குப் போனா பொஞ்சாதி, "வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போயி உட்கார்ந்துட்டு வாரீய"ன்னு கேலி பண்ணுவா. வருசக்கணக்கா இதே கதை. ஒரு தடவைகூட அவன் குதிக்க வேண்டி வரல.

அவனுக்கே மனசு விட்டுப்போச்சு. ஒருநாள் காலையில, "அண்ணே, நாளையில இருந்து எனக்கு வேற வேலை குடுங்க. சும்மா இருக்க வெக்கமா இருக்கு"ன்னான்.

சேசடிமை என்ன சொன்னாரு தெரியுமா? "நாளைக்குள்ளத நாளைக்குப் பேசுவோம். இன்னைக்கு உடுப்பைப் போடுல."

அன்னைக்கு கஸ்பாரு துள்ளிக்கிட்டு வந்திருக்கான். ஏன்? அவனுக்குத் தலைப்பிள்ளை பிறந்திருக்கு... பொம்பளப்பிள்ளை! படகு முழுக்க இனிப்புக்கு மக்ரூன் குடுக்கான். எல்லாரும் தின்னாங்க. இஞ்ஞாசி மட்டும் தொடல.

"ஒரு மக்ரூன்ல என்னல ஆகப்போவுது?"ன்னான் கஸ்பார்.

"இது காத்துக்குழாய் கவ்வுற வாயி. நீ மேல வா, பிறகு தின்னுக்கிடுதேன்."

கஸ்பார் இறங்கினான். கொஞ்ச நேரம் நல்லாத்தான் போச்சு. திடீர்னு கயிறு படபடன்னு இழுக்குது... ஒரு இழுப்புன்னா நல்லா இருக்கேன்னு அர்த்தம். இப்படிப் படபடன்னு இழுத்தா... ஆபத்து! சேசடிமை திரும்பி, "இஞ்ஞாசீ!"ன்னு கத்துறாரு... யாரைப் பாத்துக் கத்துறாரு? அங்க ஆளே இல்ல! குடை பிடிச்சவரு வெறும் பலகைக்குக் குடை பிடிச்சுக்கிட்டு நிக்காரு! கயிறு ஆடினப்பவே அவன் குதிச்சுட்டான்!

கீழ என்ன ஆச்சுன்னா, அறுத்த வலை நீரோட்டத்துல திரும்பி வந்து கஸ்பாரைச் சுத்திக்கிச்சு. கை, கால், சிலிண்டர் எல்லாத்தையும் சேத்து. கத்தி கைதவறிப் போச்சு. இஞ்ஞாசி போயி, அவன் முகத்துக்கு நேரா நின்னு, இழை இழையா அறுத்து, கையைப் பிடிச்சு மேல கூட்டிட்டு வந்தான்.

படகுல ஏறினதும் ஒரே கட்டிப்பிடி, ஒரே அழுகை, ஒரே சிரிப்பு. மூச்சு வாங்கிட்டு கஸ்பார் சொல்றான், "மாப்ள, எம்பிள்ளைக்கு நீதான் ஞானத்தகப்பன்."

"இன்னைக்கு உன்னைக் காப்பாத்துனதுக்காவா?"

"இன்னைக்கா? போல! வலையில சிக்குனவன் துள்ளுனா என்னாவும்? இன்னும் இறுகும், காத்தும் தீந்துரும். நான் துள்ளல. கயித்தை இழுத்துட்டு அசையாமக் கிடந்தேன். ஏன்? மேல நீ உடுப்போட இருக்கேன்னு தெரியும்ல! நீ வாரதுக்கு முன்னாடியே எனக்குப் பயம் போயிருச்சுல. இத்தனை வருசமும் உன்னை நம்பித்தான் தண்ணிக்குள்ள காலை வச்சேன். நீ சும்மா இருந்தேன்னு எவன் சொன்னான்?"

"அந்த மக்ரூனை இப்பக் குடுல"ன்னு இஞ்ஞாசி கையை நீட்டினான்.

ஞானத்தகப்பன்மாரே, ஞானத்தாய்மாரே... உங்க வேலை என்னன்னு இப்பப் புரியுதா? இந்தப் பிள்ளைங்க வளரும். ஒருநாள் பரீட்சையில தோத்துட்டோ, யாரையோ நம்பி ஏமாந்துட்டோ, அப்பா அம்மாகிட்டச் சொல்ல முடியாம மாட்டிக்கிட்டு நிக்கும். அப்ப, 'நமக்கு ஒரு ஆள் இருக்கு'ன்னு நினைப்பு வந்தாப் போதும்... பிள்ளை துள்ளாது, தப்பான முடிவுக்குப் போகாது. அந்த ஆளு நீங்கதான். அதுக்கு இப்ப இருந்தே பழகணும். பேரு சொல்லிக் கூப்பிடணும், வீட்டுக்கு வரப்போக இருக்கணும், அது பேசுறதைக் காதுகுடுத்துக் கேக்கணும்.

கடைசி வரைக்கும் உங்களைக் கூப்பிடவே இல்லையா? சந்தோசப்படுங்க! நீங்க இருக்கிற தைரியத்துலதான் அந்தப் பிள்ளை தானா நீந்திக்கிட்டு இருக்கு.

எங்க, எந்திரிங்க... எல்லாரும். பெத்தவங்க கையில இருந்து பிள்ளையை வாங்குங்க. பயப்படாம நல்லாப் பிடிங்க, உடைஞ்சிராது! இப்பக் காதுகிட்டப் போயி ஒரு வார்த்தை சொல்லுங்க... "நான் இருக்கேன்."

கேக்கலையே... பிள்ளை அழுற சத்தம்தான் கேக்குது. இன்னும் சத்தமா!