நாலாம் பிளாக்கின் கடைசி அக்கா

மேடையில் இருக்கும் நகராட்சித் தலைவர் அவர்களே, ஆணையர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த நம் அம்மையாரின் தம்பி அவர்களே, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் நாலாம் பிளாக் மக்களே, வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. பிறருக்கு எழுதிக் கொடுத்துத்தான் பழக்கம். அந்தப் பழக்கத்தால் நேர்ந்த ஒன்றைச் சொல்லவே இன்று எழுந்து நிற்கிறேன்.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் நம் பகுதி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. ஒழுகும் நான்கு பிளாக்குகளையும் இடித்துவிட்டு, எல்லோருக்கும் புது வீடு தருவதாக நகராட்சி அறிவித்தது. திட்ட அலுவலராக வந்த அம்மையாருக்குத் தொடக்க உரையை எழுதியவள், அப்போது நகராட்சியில் சாதாரண ஊழியராக இருந்த நான். முடிவு சப்பென்று இருந்தது. கைதட்டல் வரட்டுமே என்று ஒரு வரி சேர்த்தேன்: "உங்களில் கடைசிக் குடும்பம் புது வீட்டுக்குப் போன பிறகே நான் இங்கிருந்து போவேன்."

கைதட்டல் வந்தது. நான் மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை! அடுத்த மாதமே நாலாம் பிளாக்கின் ஐந்தாம் மாடியில், காலியாகக் கிடந்த வீட்டுக்குச் சாமான்களோடு வந்து சேர்ந்தார். "அது சும்மா பேச்சுக்குத்தானேக்கா?" என்றேன். "எழுதின உனக்குப் பேச்சு. வாயால சொன்னது நான்தானே" என்றார்.

முதல் மூன்று பிளாக்குகளையும் புதிதாக எழுப்ப வைத்தவர் யார்? சலவைக்கடைக்காரம்மாவின் பெயர் பட்டியலில் விட்டுப்போனது என்று இரண்டு நாள் ஆணையர் அறை வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்தவர் யார்? புது வீட்டில் தண்ணீர் ஏறாதபோது, பொறியாளரை அழைத்துப்போய் அந்தக் குழாயடியிலேயே குளித்துக் காட்டச் சொன்னவர் யார்? அவர்தான்!

நாலாம் பிளாக் மட்டும் நின்றுபோனது. முதலில் வழக்கு, பிறகு தேர்தல், பிறகு புது வரைபடம். முப்பத்தொரு குடும்பங்கள் உள்ளேயே இருந்தன. அவர்களோடு அவரும் இருந்தார்.

"என்ன கடைசி அக்கா, இன்னும் கிளம்பலையா?" என்பார் கீழ்வீட்டுத் தையல்காரர்.

"நீ முதல்ல கிளம்புய்யா. உன் மெஷின் சத்தத்துல எனக்குக் காதே போச்சு."

சிரிக்கிறீர்கள். அந்தச் சிரிப்புக்கு அடியில் என்ன இருந்தது என்பதையும் சொல்கிறேன். இடிக்கப்போகும் கட்டடத்தைப் பழுதுபார்க்கக் கூடாது என்பது எங்கள் விதி. அதனால் நின்ற லிஃப்ட் நின்றதுதான். பெயர்ந்த கைப்பிடி பெயர்ந்ததுதான். மேல்தொட்டி ஒழுகி ஒழுகிச் சுவரெல்லாம் பூத்துப்போனது. நீங்களே சரிசெய்துகொண்டால் என்ன? "இருக்கிற வீடே நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிப் புது வீட்டுப் பட்டியலிலிருந்து பெயரை நீக்கிவிடுவார்களோ என்று பயந்தீர்கள். அது வீண் பயமா? இல்லை. இரண்டாம் பிளாக்கில் மூன்று குடும்பங்களுக்கு நாங்கள் அதைச் செய்திருக்கிறோம். ஆக, இருக்கவும் முடியாது, போகவும் முடியாது, ஓர் ஆணி அடிக்கவும் முடியாது. இதற்கு நாங்கள் வைத்த பெயர் மேம்பாடு!

இந்த முடிச்சை அவிழ்க்க அம்மையார் இரண்டே வரியில் ஓர் ஆணை எழுதினார். நாலாம் பிளாக்கில் அவசரப் பழுதுகளை நகராட்சி செய்யும். அதனால் யாருடைய புது வீட்டு உரிமையும் குறையாது. அவ்வளவுதான். அதில் கையெழுத்திட வேண்டியவள், அதற்குள் பதவி உயர்ந்து அவருக்கு மேலே வந்துவிட்ட நான். கடைசி எட்டு மாதம் முழங்கால் வலியால் அவரால் மாடியைவிட்டு இறங்க முடியவில்லை. கோப்பைக் கூடையில் வைத்து ஜன்னல் வழியாகக் கயிற்றில் இறக்குவார். எழுத்தர் அதை வாங்கி வருவார். பதினொரு முறை வந்தது. பதினொரு முறையும் "விதியில் இடமில்லை" என்று எழுதித் திருப்பினேன்.

ஒருமுறை போனில் கேட்டார்: "ஏம்மா, இடமில்ல இடமில்லன்னு எழுதுறியே, விதி என்ன உன் வீட்டு அலமாரியா? நாலு சாமானைத் தள்ளி வச்சா இடம் தானா வரும்."

கடைசி முறை வேடிக்கை பேசவில்லை. "என்னால இறங்க முடியலம்மா. நீயாவது ஒரு தடவை ஏறி வந்து பாரு" என்றார். வருகிறேன் என்றேன். போகவில்லை. அடுத்த வாரம் போனேன். மருத்துவமனைக்குக் கொண்டுபோக அவரை நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் நாற்காலி சிக்கிக்கொண்டது. நான் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டேன். நான் அவருக்குச் செய்த கடைசி உதவி அதுதான்.

அவர் இறந்த அன்று மருத்துவமனை வாசலில் அவருடைய தம்பி என்னிடம் கேட்டார்: "அந்தக் 'கடைசிக் குடும்பம்' வரிய எழுதினவங்க நீங்கதானே?" ஆமாம் என்றேன். "நல்லா எழுதியிருந்தீங்க" என்றார்.

அன்பர்களே! 'அன்னாரின் பணியைத் தொடர்வோம் என உறுதி ஏற்போம்' என்று ஒரு தாளை அலுவலகம் என்னிடம் தந்திருக்கிறது. இத்தகைய வரிகள் எப்படி உருவாகின்றன என்பது எனக்குத் தெரியும். அதனால் இதை நான் படிக்கப்போவதில்லை. உங்களோடு வந்து குடியிருப்பேன் என்றும் சொல்ல மாட்டேன். அந்தத் துணிவு எனக்கில்லை. புது வீடு எப்போது வரும்? அதுவும் எனக்குத் தெரியாது.

தெரிந்ததைச் சொல்கிறேன். இன்று காலை அந்த ஆணையில் ஒரு சொல்லையும் மாற்றாமல் கையெழுத்திட்டேன். இங்கே வருமுன் முப்பத்தொரு வீட்டுக்கும் முத்திரையிட்ட நகல் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆணையர் அவர்களே, உரிமை குறையாது என்ற இரண்டாம் வரிக்குக் கையெழுத்திட எனக்கு அதிகாரம் உண்டா என்று நாளை கேட்பீர்கள். வந்து பதில் சொல்கிறேன். ஆனால் நகல்களைத் திரும்ப வாங்க ஆள் அனுப்பினால், தயவுசெய்து யாரும் கொடுக்க வேண்டாம்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வேலை தொடங்குகிறது. முதல் வேலை மேல்தொட்டி. மொட்டை மாடிக் கதவு துருப்பிடித்துத் திறக்காமல் போய்விட்டதால், அம்மையார் வீட்டுப் பால்கனி வழியாகத்தான் தொட்டிக்கு ஏற வேண்டும். சாவி அவருடைய தம்பியிடம் இருக்கிறது. ஐயா, அதை என்னிடம் தர உங்களுக்கு மனம் வராது, அது நியாயமும்கூட. நீங்களே வந்து கதவைத் திறந்துவிடுங்கள்.