இரவல் பாலும் மூன்று அடுப்பும்

கடன் பிரிவு மேற்பார்வையாளர் சண்முகத்தாய் அம்மையாருக்கு, பணி நிறைவு நாளில் சிறுதொழில் கூட்டுறவுச் சங்கத்தார் வாசித்தளிக்கும் மடல்

கனிந்த சொல்லுக்கும் கறாரான கையெழுத்துக்கும் சொந்தக்காரரே! ராஜபாளையத்துத் தறிக்காரரும் ஸ்ரீவில்லிபுத்தூர் அடுப்புக்காரரும் தம் வீட்டு மனுஷியாய் மதிக்கும் மாண்பினரே! வணக்கம்.

பின்வரிசைக் கண்மணிகளே, நாற்காலியை இழுத்துப் போட்டுக் கிட்ட வாருங்கள். அம்மையாரின் பெருமையெல்லாம் அடுக்கினால் காப்பி ஆறிவிடும். ஒரே ஒரு கதை சொல்கிறோம்.

ஊரடங்குக் காலம். வன்னியம்பட்டியில் பால்கோவா கிண்டும் பரிபூரணத்துக்குக் கோயில் கூட்டமும் இல்லை, கடைக்காரர் ஆர்டரும் இல்லை. மூன்று அடுப்பில் ஒன்றுதான் எரிந்தது. தவணை கட்ட முடியவில்லை. மாட்டுத் தரகர் வந்து அவருடைய இரண்டு பசுக்களையும் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அந்தச் சமயத்தில்தான் தவணையைத் தள்ளிவைத்துக் கைமுதலும் கொடுக்கும் நிவாரணம் ஒன்று சங்கத்துக்கு வந்தது. தொழில் பாதிக்கு மேல் படுத்தவர்களுக்கு மட்டும். நேரில் பார்த்து எழுத வேண்டும்.

அம்மையீர், நீங்கள் வரும் நாளை முன்கூட்டியே சொல்லி அனுப்பினீர்கள். அதுதான் வினையாயிற்று. வீடு தேடி வருகிறவர் முன்னால் காலிச் சட்டியை வைக்கும் வழக்கம் பரிபூரணத்துக்குப் பிறந்த வீட்டிலும் இல்லை, புகுந்த வீட்டிலும் இல்லை. பக்கத்து வீட்டுக் கல்பனாவிடம் கேன் கேனாய்ப் பால் இரவல் வாங்கினார். நீங்கள் வண்டியை நிறுத்தும்போது மூன்று அடுப்பும் திகுதிகுவென்று எரிந்தன. சுடச்சுடப் பால்கோவாவை இலையில் வைத்து நீட்டினார். நீங்களும் எடுத்து வாயருகே கொண்டுபோனீர்கள்.

அந்நேரம் பார்த்துச் சுவருக்கு மேலே கல்பனாவின் தலை.

"யக்கா, அந்த மேடம் போயிட்டாவளா? பாலை நாளைக்குத் தந்தாப் போதும், கேனை இப்பக் குடு. பால் வண்டி வந்திட்டு!"

பரிபூரணத்துக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. நீங்கள் சிரித்துவிட்டீர்கள்.

"என்னக்கா, நான் பொண்ணு பாக்கவா வந்தேன்? ஒங்க கஷ்டத்தப் பாக்கல்லா வந்தேன்."

"வெறுஞ்சட்டியக் காட்டி ஒங்கள எப்படி தாயி ஒக்காரச் சொல்ல?"

"இந்த மூணையும் நான் எழுதிட்டுப் போனா, பொறவு ஒரு அடுப்பும் எரியாதுக்கா."

பரிபூரணம் குனிந்து, இரண்டு அடுப்பின் விறகையும் தானே வெளியே இழுத்துப் போட்டார். கண் கலங்கியது புகையாலா, வெட்கத்தாலா, நிம்மதியாலா என்று அவருக்கே தெரியவில்லை.

"இது இரவல் பாலு," என்று இலையைத் திருப்பிக் கொடுத்தீர்கள். "சங்கத்துக் கடன் தீரட்டும். ஒங்க மாட்டுப் பாலுல கிண்டிக் குடுங்க, தின்னுக்கிடுதேன்."

நிவாரணம் வந்தது. தரகர் வெறுங்கையோடு திரும்பினார்.

அதன்பின் நீங்கள் யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாமலே போனீர்கள். தறிக்காரர் பக்கத்து வீட்டு நூலை இரவல் வாங்கித் தம் தறியில் ஏற்றுமுன் போய் நின்றீர்கள். எந்த வீட்டிலும் தண்ணீர் மட்டுமே குடித்தீர்கள். 'மேடத்துக்குச் சுகர்' என்று ஊரெல்லாம் பேச்சு. நாங்களும் நம்பி இத்தனை வருடம் சீனியில்லாக் காப்பி கொடுத்தோம். நீங்களும் முகம் சுளிக்காமல் குடித்தீர்கள்! போன மாதம் கடைசித் தவணை கட்ட வந்த பரிபூரணம் இந்த இரவல் பால் கதையைச் சொல்லித்தான் உங்களுக்குச் சுகரே இல்லை என்று தெரிந்தது. மன்னியுங்கள்.

இதோ, முன்வரிசையில் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு அவரே உட்கார்ந்திருக்கிறார். "ஒரு சொட்டு இரவல் இல்ல, கேட்டுக்கோங்க" என்று வாசலிலேயே அறிவித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். முதலில் அதை வாயில் போடுங்கள் தாயே, மாலை பிறகு.

நோய் நொடி அண்டாமல் நூறாண்டு நடமாடுங்கள். உங்கள் வீட்டு அடுப்பும், இதைக் கேட்டிருக்கும் எல்லார் வீட்டு அடுப்பும் அணையாதிருக்கட்டும். வருகிறவர்க்கு வைப்பதெல்லாம் சொந்தப் பாலாக இருக்கட்டும்.

அன்பு மாறாத,
சங்கப் பணியாளர்கள்,
ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர்